பூரணி அம்மாள் வீட்டுத் தரை

பூரணி அம்மாளின் வீட்டுக்குச் சக்கரம் உண்டு. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு. உள்ளே ஒரு பலகைக் கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம். தரை பிளைவுட். அதற்கு அடியில் இரும்புச் சட்டங்கள். அதற்கும் அடியில் சாலை.

கோடை முற்றியதும் அந்த வீடு பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும். இந்த முறை கிளம்புகிற காலையில், வில்வநாதன் ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அவர் அம்மாளின் சீடர். வயதில் அம்மாளைவிட மூத்தவர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அம்மா, இதை மேல கொண்டு போகணும். என் பையனோடது."

"ஓட்டிக்கிட்டே வாங்களேன் சார்," என்றார் செபாஸ்டின். ஜீப் அவருடையது.

"எனக்கு ஸ்கூட்டர்தான் ஓட்ட வரும்."

"பார்சல் லாரில போடலாமே."

"தூக்கி எறிவாங்க. கீறல் விழும்."

"அதனால அம்மா வீட்டுக்குள்ள."

அம்மாள் தம் பாயைச் சுருட்டி ஜீப்பில் வைத்தார்.

"ஏத்துங்க," என்றார்.

"அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் அம்மா."

இரண்டு வருடங்களுக்கு முன் அவர் மகன் பரிதி இந்த வண்டியிலிருந்து விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே வில்வநாதன் வண்டியைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிட்டார். எலும்பு கூடியதும் பரிதி கிளம்பிப் போனான். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தான். அப்பா கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. போன வாரம் அவனே கூப்பிட்டான்.

"தொழிலாளிங்க இருக்கிற லைன் வீடுகளுக்கு நடந்துதான் போறேன்பா. மழை பிடிச்சிட்டா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வண்டியைக் கொடுங்க. மனசில்லன்னா அதையும் சொல்லிடுங்க. இனிமே கேக்க மாட்டேன்."

கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார் வில்வநாதன். அன்றிலிருந்து தூக்கமில்லை.

"மேல பூரா கொண்டை ஊசி வளைவு. பனி. யானை வேற. இதை அவன் கையில கொடுக்கலாமா கூடாதா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மா."

"முதல்ல ஏத்துங்க."

சாய்வுப் பலகை போட்டு மூன்று பேருமாகத் தள்ளி ஏற்றினார்கள். வில்வநாதன் தரையில் ஒரு பழைய போர்வையை விரித்தார். எண்ணெய் சொட்டும் என்று அதன்மேல் அட்டையைப் போட்டார். வண்டியை இழுத்து மெயின் ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"ரெண்டு சக்கரத்துல நிக்கட்டுமே," என்றார் அம்மாள்.

"ஸ்டாண்ட் போட்டாத்தான் அசையாம நிக்கும் அம்மா."

அம்மாள் இறங்கிப் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

வில்வநாதன் கயிறு கட்டத் தொடங்கினார். தரை ஓரத்தில் இருந்த இரும்பு வளையங்களில் கட்டினார். போதாது என்று தோன்றியது. கட்டில் காலில் கட்டினார். ஜன்னல் கம்பியில் கட்டினார். சீட்டுக்கு மேலே ஒரு கயிற்றைக் குறுக்கே போட்டு, காலால் உதைத்துக்கொண்டு இறுக்கினார்.

வாசலில் நின்று பார்த்த செபாஸ்டின், "பொணத்துக்குக்கூட இத்தனை கட்டு கட்ட மாட்டாங்க சார்," என்றார்.

வில்வநாதனின் முகம் வெளுத்தது. இன்னொரு கயிறு எடுத்தார்.

"நான் உள்ளயே உக்காந்து பிடிச்சுக்கிட்டு வரட்டுமா?"

"இழுத்துக்கிட்டுப் போற வண்டிக்குள்ள ஆள் உக்காரக் கூடாது. இன்சூரன்ஸ்காரர் நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? முன்னாடி வாங்க."

ஆழியாறு தாண்டியதும் வில்வநாதன் நிறுத்தச் சொன்னார். பின்னால் போய்க் கதவைத் திறந்தார். வண்டி அசையவில்லை. ஒரு கயிறு மட்டும் சற்றுத் தளர்ந்த மாதிரி இருந்தது. எல்லாக் கயிற்றையும் இறுக்கிவிட்டு வந்தார்.

வளைவுகள் தொடங்கின. அவர் கண்ணாடியில் டிரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளத்தில் ஜீப் இறங்கி ஏறும்போதெல்லாம் இவர் உடம்பு விறைத்தது.

"சத்தம் கேட்டுதா?"

"ரோடுதான் சார்."

"நிறுத்துங்க."

மறுபடியும் போய் இறுக்கினார். கயிற்றைச் சுண்டினால் தந்தி மாதிரி அதிர்ந்தது. அப்போதுதான் அவர் மனம் கொஞ்சம் ஆறியது. அடுத்த வளைவு வரைக்கும்.

மேலே ஒரு டீக்கடை முன்னால் நின்றபோது, கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வண்டி ஒரு பக்கமாக அமிழ்ந்திருந்தது. ஸ்டாண்டின் ஒரு கால் போர்வையையும் அட்டையையும் கிழித்துக்கொண்டு பிளைவுட்டில் இறங்கியிருந்தது. ஓட்டை வழியாகக் கீழே தார் ரோடு தெரிந்தது.

"அம்மா," என்றார். "உங்க வீட்டுத் தரை போச்சு."

அம்மாள் வந்து குனிந்து பார்த்தார்.

"ஆமா, போயிருக்கு."

"இத்தனை கட்டு கட்டியும் இப்படி ஆயிடுச்சே. இன்னும் ரெண்டு கயிறு இருந்தா..."

அம்மாள் முதல் முடிச்சை அவிழ்த்தார்.

"அவிழ்க்காதீங்க அம்மா, சாஞ்சிடும்."

"பிடிச்சுக்குங்க."

ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். கடைசிக் கயிறு கழன்றபோது தரை கிரீச் என்று ஒரு முறை முனகி, அரை விரல் அளவு மேலே எழும்பியது. வில்வநாதன் அதைப் பார்த்தார். வண்டி அங்கேயேதான் நின்றது.

"வண்டி இறங்கலையே. ஏன் தரை மேல வந்துச்சு?"

"கயிறு இறங்கிடுச்சே."

"கயித்துக்கு என்னம்மா எடை?"

"நீங்க இழுத்த இழுப்பெல்லாம் எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க?"

அவர் ஓட்டையைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு உரசிச் சிவந்திருந்தது.

"பார்த்துக்கிட்டே இருந்தீங்களே. நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன்."

வில்வநாதன் யோசித்துப் பார்த்தார். ரெண்டு சக்கரத்துல நிக்கட்டும் என்று சொன்னதுதான்.

அம்மாள் தம் கட்டிலின் நீளப் பலகையை உருவி எடுத்தார். கீழே இருக்கிற இரும்புச் சட்டங்களின்மேல் குறுக்காகப் படுகிற மாதிரி தரையில் போட்டார். செபாஸ்டின் ஸ்டாண்டை விடுவிக்க, மூன்று பேரும் வண்டியைத் தூக்கி இரண்டு சக்கரமும் பலகைமேல் நிற்கும்படி வைத்தார்கள். முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்தார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கயிறு மட்டும் கட்டினார் அம்மாள்.

"சீட்டை அமுக்குங்க."

வில்வநாதன் அமுக்கினார். வண்டி கொஞ்சம் தாழ்ந்து எழுந்தது.

"ஆடுதே அம்மா."

"ஆடட்டும்."

"ஆடினா விழுந்துடாதா?"

"குழி வந்தா அந்த அதிர்வை வண்டியோட ஸ்பிரிங் வாங்கிக்கும். இவ்வளவு நேரம் நீங்க அதை வாங்க விடல. தரை வாங்கிச்சு." அம்மாள் கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். "ஓடுற இடத்துல எதுக்கு ஸ்டாண்ட்? சக்கரம் இருக்கே."

மீண்டும் கிளம்பினார்கள். வில்வநாதன் மடியில் மிச்சக் கயிறுகள் கிடந்தன. ஒரு வளைவில் பின்னாலிருந்து டங் என்று சத்தம் கேட்டது. அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார்.

"அம்மா, ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

"பார்த்தா என்ன செய்வீங்க?"

அவர் கை மடியிலிருந்த கயிற்றுக்குப் போனது. அதை அவரே கவனித்தார். கயிற்றைக் காலடியில் போட்டார். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது, அந்தக் குளிரிலும்.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சமதளத்தில் வீட்டை நிறுத்தினார்கள். பரிதி நின்றிருந்தான். இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான். அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வாங்கப்பா."

"ம். சாப்பிட்டியா?"

"ஆச்சு."

செபாஸ்டின் கதவைத் திறந்தார். தண்ணீர் டிரம்மின் மூடி கழன்று தரையில் கிடந்தது. வண்டி சற்றே சாய்ந்திருந்தது. விழவில்லை. பலகைக்கு அடியில் தரை அப்படியே இருந்தது.

பரிதி உள்ளே ஏறி ஓட்டையைப் பார்த்தான். "இது என்னங்கம்மா?"

"புது ஜன்னல்," என்றார் அம்மாள். "உங்கப்பா வச்சுக் கொடுத்தார்."

பரிதிக்குச் சிரிப்பு வந்தது. வில்வநாதன் அந்தச் சிரிப்பை இரண்டு வருடமாகப் பார்த்ததில்லை.

வண்டியை இறக்கினார்கள். பரிதி கேனில் கொண்டு வந்திருந்த பெட்ரோலை ஊற்றினான். பிறகு நிமிர்ந்து நின்றான். கையை நீட்டவில்லை. காத்திருந்தான்.

வில்வநாதன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"புது ஹெல்மெட் வாங்கியாந்திருக்கேன். அதைப் போடாம எடுக்காத. முன் பிரேக்கை மட்டும் பிடிக்காத. பனி இறங்கினா அங்கயே நிறுத்திடு. எஸ்டேட் ரோட்டைத் தாண்டாத. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. கிளம்பறப்பவும் பண்ணு. அப்புறம், எங்க போறதா இருந்தாலும்..."

பரிதியின் முகத்தில் கொஞ்சம் முன்பு இருந்த சிரிப்பு போய்க்கொண்டிருந்தது. அவன் பார்வை தரைக்கு இறங்கியது.

"சரிப்பா," என்றான். ஒவ்வொன்றுக்கும் அதே மாதிரி, "சரிப்பா."

வில்வநாதன் அம்மாளைத் தேடினார். அவர் வீட்டுக்குள் பாயை விரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வில்வநாதனின் பேச்சு பாதியில் நின்றது. கை மூடியிருந்தது. சாவியின் பல் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"இந்தா," என்றார்.

பரிதி வாங்கிக்கொண்டான். ஹெல்மெட்டை மாட்டினான். நாலைந்து உதையில் வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது.

"எஸ்டேட்டோட மேல் டிவிஷன்ல ஒருத்தருக்குக் கால்ல கட்டு மாத்தணும்பா. முடிச்சிட்டு வந்துடறேன். ராத்திரிச் சாப்பாடு உங்ககூடத்தான்."

தேயிலைச் சரிவில் வண்டி ஏறியது. ஒரு வளைவில் மறைந்தது, அடுத்ததில் தெரிந்தது, பிறகு சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. வில்வநாதன் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

அம்மாள் பாத்திரத்தோடு வெளியே வந்தார்.

"அம்மா, விழுந்துட மாட்டானே?"

"அது எனக்குத் தெரியாது," என்றார் பூரணி அம்மாள். "சாப்பிட வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அவனுக்கும் சேர்த்து அரிசி களைஞ்சு போடுங்க."