இரண்டு விரல் நுரை

அவரைப்பாக்கத்தில் வெண்ணிலா பார் என்று ஒன்று உண்டு. முதலாளி எத்திராசு, சப்ளையர் அருளப்பன், அடுப்படியில் பிலவேந்திரன். ஊற்றுவது, கழுவுவது, வறுப்பது எல்லாம் ஒழுங்காகத்தான் செய்வார்கள். யோசிக்கிற வேலையையும் வெளியாளிடம் கொடுக்காமல் தாங்களே செய்ததில்தான் வம்பு.

ஒரு நாள் காலை பீர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இனி ஊருக்கு ஒரு பாருக்குத்தான் சரக்காம். யாருக்குப் பக்குவமாக ஊற்றத் தெரியும் என்று பார்க்க வேண்டுமாம். கிளாஸ் நிறைய பீர், அதன் மேல் இரண்டு விரல் நுரை, இப்படி ஒரு போட்டோ அன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் லாரி எதிர் பாருக்குப் போய்விடும்.

பாரை மூடினால் உலகத்தில் வேறு யாரும் தங்களை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மூவருக்கும் தெரியும். அவர்கள் சரியாகத் தெரிந்துவைத்திருந்த ஒரே விஷயம் அது.

எத்திராசு ஸ்டூடியோ மங்கையர்க்கரசிக்குப் போன் போட்டார். அந்தம்மா ஒரு காதுகுத்து வீட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு வருவதாகவும், தான் உள்ளே நுழையும்போது நுரை தயாராக நிற்க வேண்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

தயாராக நிற்க வேண்டும் என்றால் சீக்கிரமே கிளப்பிவிடுவதுதானே முறை. பன்னிரண்டு மணிக்கே கைப்பிடி வைத்த பெரிய கிளாஸில் ஊற்றிவிட்டார்கள். நுரை பொங்கி வந்து கிரீடம் மாதிரி உட்கார்ந்தது. மூவரும் கைகட்டி நின்று பார்த்தார்கள். பன்னிரண்டு மணி நாலு நிமிடத்துக்கு நுரை இல்லை.

"எங்கடா போச்சு?" என்றார் எத்திராசு.

மேலே போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும், வெளியே போயிருந்தால் மேஜை நனைந்திருக்கும், ஆகவே உள்ளேதான் போயிருக்கிறது என்று அருளப்பன் நிதானமாக விளக்கினான். தேடிப் பார்ப்பதற்காகக் கிளாஸை முழுவதும் குடித்தான். அடியிலும் இல்லை. அப்படியென்றால் இப்போது தன் வயிற்றில் இருக்கிறது என்று சொல்லி, அதற்குப் பிறகு குலுங்காமல் நடந்தான்.

இரண்டாவது பாட்டிலில் வேறு சிக்கல். இரண்டு விரல் என்றால் யாருடைய விரல்? பார் முதலாளியுடையது, ஆகவே முதலாளியின் விரல்தான் கணக்கு என்றான் அருளப்பன். எத்திராசு மோதிரத்தைக் கழற்றிவிட்டு விரலை நுழைத்தார். அளவு போதவில்லை. அடுப்படியிலிருந்து பஜ்ஜி போட்ட கையோடு வந்த பிலவேந்திரன் தன் விரல் கொஞ்சம் குட்டை, சரியாக வரும் என்று சொல்லி எண்ணெயோடு விட்டான். அளவு கச்சிதமாக வந்தது. நுரைதான் காணாமல் போனது.

மறுபடி போன். பின்னால் ஒரு பிள்ளை வீல் வீல் என்று அழுதுகொண்டிருக்க, மங்கையர்க்கரசி அவசரமாக மூன்று யோசனை சொன்னார். காற்றுப் படக் கூடாது. ஆட்டக் கூடாது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் நுரை மேலே வரும்.

ஃபேனை நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். மூச்சும் காற்றுதானே என்று முறை வைத்து மூச்சு விட்டார்கள். முதலாளி விடும்போது மற்ற இருவரும் அடக்கிக்கொண்டார்கள். பிலவேந்திரன் உப்புப் போட்டான், நுரை குபுக்கென்று எழும்பியது. வெறும் உப்பு போட்டு எதையும் இறக்கிப் பழகாத கை, மிளகுத்தூளும் போட்டது. பிறகு எலுமிச்சம்பழம். கடைசியில் கொத்தமல்லி தூவி நிமிர்ந்தபோது, அது ரசமாகியிருந்தது.

இரண்டரை மணிக்கு ஒரே ஒரு பாட்டில் மிச்சம். அப்போதுதான் பிலவேந்திரன் கண்டுபிடித்தான்.

"நாம பாக்குறோம் முதலாளி, அதான். பாக்கும்போதுதான் இறங்குது. பாக்காம இருந்தப்ப இறங்கி யாராவது பாத்திருக்கமா?"

யாரும் பார்த்ததில்லை. மூவரும் நன்றாக யோசித்துப் பார்த்தும் ஒரு தடவைகூட இல்லை.

கண் திருஷ்டி என்று முடிவாயிற்று. பச்சைப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி கன்னத்தில் ஒரு மைப் பொட்டு வைத்துவிடலாம் என்றார் எத்திராசு.

"கிளாஸுக்கு எது கன்னம்?" என்றான் அருளப்பன்.

கால் மணி நேரம் பேசினார்கள். கைப்பிடி காது மாதிரி இருக்கிறது, ஆகவே அதற்குப் பக்கத்தில் இருப்பது கன்னம் என்று தீர்ப்பாகி, பொட்டு வைக்கப்பட்டது. கடைசி பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டே ஊற்றினார்கள். பாதி கிளாஸில் விழுந்தது.

மூன்று மணிக்கு மங்கையர்க்கரசி கதவைத் திறந்தபோது, இருட்டு அறையில் மூன்று ஆண்கள் ஒரு கிளாஸுக்கு முதுகு காட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். காதுகுத்து வீட்டிலிருந்து நேராக வந்தவர் என்பதால் அவர் பயப்படவில்லை. ஜன்னலைத் திறந்தார், பொட்டைத் துடைத்தார், முட்டை இருக்கிறதா என்று கேட்டார்.

"வெள்ளைக்கருவை மட்டும் எடுத்து அடிங்க. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க."

பிலவேந்திரன் கரண்டியால் அடித்தான். பஞ்சு மாதிரி பொங்கிய நுரையை அந்தம்மா அள்ளி, குறைந்த பீரில் தண்ணீர் ஊற்றி நிரப்பிய கிளாஸின் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு வைத்தார். அது அசையாமல் நின்றது. ஆனால் அவர் கேமராவைத் தூக்கியதும் எத்திராசு குறுக்கே விழுந்து, பார்க்காமல் எடுக்கச் சொல்லி மன்றாடினார். "பாக்குறது நான் இல்ல, கேமரா," என்றார் அவர். கேமராவுக்கு ஏது திருஷ்டி என்று மூவரும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள்.

நாலே முக்காலுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. மங்கையர்க்கரசி ஸ்கூட்டரில் கிளம்பி வீட்டுக்கும் போய்விட்டார். ஆறு மணிக்கு அவருக்கு ஒரு போன் வந்தது. பிலவேந்திரன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறான், நிறுத்தச் சொல்ல முடியுமா என்று எத்திராசு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மறுநாள் காலையில் லாரி வெண்ணிலா பார் வாசலில் வந்து நின்றது. இத்தனை அழகான நுரையைக் கம்பெனியில் யாரும் பார்த்ததே இல்லையாம். எத்திராசு கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் ஐம்பது பெட்டி இறக்கி வைத்து, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

நுரை விஷயத்தில் இப்போது விவரம் தெரிந்தவர்கள் ஆயிற்றே. அருளப்பன் ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்காமல் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான். பிலவேந்திரனும் முதலாளியும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம், ஐம்பது பெட்டியையும், ஒரு பாட்டில் விடாமல் பார்த்தார்கள். பிறகு மூவரும் ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார்கள்.

"ஒண்ணுலகூட நுரை இல்லப்பா," என்றார் எத்திராசு, டிரைவரின் மனம் நோகாதபடி. "எங்ககிட்ட இது செல்லாது. எதிர்க்கடையில போட்டுடு. அவங்களுக்குப் பாவம், பாக்கத் தெரியாது."