பேச்சிமுத்துவுக்கு ஒரு கைப்பேர்

குருவுக்கு வயது பதினான்கு. சீடனுக்கும் பதினான்குதான்.

குரு ரெபேக்கா, காது கேளாதோர் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. சீடன் பேச்சிமுத்து, டவுன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு பள்ளிகளும் பிள்ளைகளை மாற்றி அனுப்பிப் பழகவிடுவது என்று முடிவானபோது போட்ட விதி அது. ஒரு வாரம் தங்க வருகிற பிள்ளை சீடன், கூடவே வைத்துக்கொள்கிற பிள்ளை குரு. சீடன் எதையும் கேட்கலாம். குரு பதில் சொல்லியே ஆகவேண்டும். நடுவில் உஷா டீச்சர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக்குக் கையாகவும் இந்தப் பக்கத்துக்கு வாயாகவும் இருந்தார்.

பேச்சிமுத்துவுக்கு வராத குரல் கிடையாது. பஸ் கண்டக்டர், குக்கர், குக்கரை அணைக்கச் சொல்லிக் கத்துகிற அம்மா, எல்லாம் வரும். ஒருமுறை தலைமையாசிரியர் குரலில் மைக்கில் "நாளை பள்ளி விடுமுறை" என்று சொல்லிவிட்டான். மறுநாள் பாதி வகுப்பு காலி. நிஜத் தலைமையாசிரியரே, நாம்தான் சொல்லி மறந்துவிட்டோமோ என்று யோசித்தாராம்.

வந்த முதல் நாளே சாப்பாட்டுக் கூடத்தில் அவரை எடுத்துவிட்டான்.

"எவன்டா அங்க பெஞ்ச ஆட்டுறது? எஸ், யூ! ஒன்னத்தான்! முட்டி போடு!"

முடித்துவிட்டு நின்றான். கூடம் சோற்றை மென்றுகொண்டிருந்தது. ரெபேக்கா மட்டும் கவலையோடு கையை அசைத்தாள்.

"மீன் முள்ளு மாட்டிக்கிச்சா? வெறும் சோற உருட்டி முழுங்கச் சொல்லுங்க," என்று அவள் கை கேட்டதை உஷா டீச்சர் வாய்விட்டுச் சொன்னார்.

டவுன் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போய்ச் சிரித்தார்கள். பேச்சிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. அவன் குரலுக்கு ஒரு கூடம் அசையாமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

மறுநாள் குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டு உடம்பை எடுத்தான். வார்டன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி நடப்பது. சமையல்காரர் கரண்டியை முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பது. கூடம் அதிர்ந்தது. பெஞ்சுகளை அறைந்தார்கள், டம்ளர்கள் உருண்டன. சத்தமே இல்லாத இடம் என்று நம்பி வந்த டவுன் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாத்தியாலே?" என்றான், டவுனிலிருந்து கூட வந்த ஆரோனிடம்.

"பாத்தேன், பாத்தேன். எனக்குப் பேர் வச்சாச்சு. ஒனக்கு?"

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு தடவையும் பேரை விரலால் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்துப் பார்த்து அவர்களாகவே ஒரு கைப்பேர் வைப்பார்கள். ஆரோன் எந்நேரமும் மூக்கை உறிஞ்சுவான், அதுவே அவன் பேர். கன்னத்தில் குழி விழுகிற இலக்கியாவுக்குக் கன்னத்தில் ஒரு விரல். ஆரோன் தன் பேரை மெடல் மாதிரி உறிஞ்சிக் காட்டிக்கொண்டு திரிந்தான். கடைசி நாளான வெள்ளிக்கிழமை, வந்த பிள்ளைகளுக்கு மேடையில் அந்தப் பேரில்தான் அறிமுகம். பேர் இல்லாத பிள்ளையை விரல் நீட்டி, அந்த ஆள் என்று காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

வியாழன் மதியம் பேர் இல்லாமல் இருந்தது ஒருத்தன்தான்.

"எனக்கு எப்ப?" என்று கேட்டான் குருவிடம்.

"இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்."

"மூக்கு உறிஞ்சுறவனுக்கே குடுத்துட்டீங்க. நான் எத்தன பேரச் செஞ்சு காட்டியிருக்கேன்!"

"ஆமா. அதான் தேட வேண்டியிருக்கு."

பேச்சிமுத்து பெஞ்சின் மேல் ஏறினான். காலால் ஓங்கித் தட்டினான். அங்கே கவனத்தை இழுப்பது அப்படித்தான், அதிர்வு ஒவ்வொருவர் உட்கார்ந்த இடத்துக்கும் போகும். எல்லோரும் திரும்பினார்கள். இல்லாத மீசையை இரண்டு விரலால் முறுக்கினான். நெஞ்சைத் தொட்டான். என் பேர் இது.

பேசிக்கொண்டிருந்த கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். உஷா டீச்சர் கடித்த அப்பளத்தைக் கீழே வைத்தார்.

"ஐயையோ! தனக்குத்தானே வச்சுக்கக் கூடாதுப்பா. பாக்குறவங்கதான் வைக்கணும்."

அதற்குள் வாசலில் இருந்த வாட்ச்மேன் தாத்தா ஓட்டமாக உள்ளே வந்து நின்றார். அவருக்கும் காது கேட்காது. காது வரை போகிற மீசை. என்னை யார் கூப்பிட்டது என்று கையால் கேட்டார்.

பேச்சிமுத்து பெஞ்சிலிருந்து இறங்கினான். மூலையில் போய் உட்கார்ந்தான். சாயங்காலம் வரை அவன் யாராகவும் இல்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெபேக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மேடையில் ஆரோன் உறிஞ்சப்பட்டான். இலக்கியாவின் கன்னம் குத்தப்பட்டது. கடைசியில் பேச்சிமுத்து. விரல் தன் பக்கம் நீளப்போகிறது என்று தலையைக் குனிந்து நின்றான்.

விரல் நீளவில்லை. ரெபேக்கா இல்லாத வேட்டி நுனியைப் பிடித்து நடந்தாள். நடந்தது வார்டன் இல்லை, வார்டனாக நடக்கிற பேச்சிமுத்து. அடுத்து, கரண்டியை முகர்கிற பேச்சிமுத்து. முள் மாட்டிக்கொண்ட பேச்சிமுத்து. மூலையில் உட்கார்ந்த பேச்சிமுத்து. ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் கண் சட்டென்று இடது பக்கம் ஓடியது, வலது பக்கம் ஓடியது.

பேச்சிமுத்துவுக்கு வாய் பிளந்துவிட்டது. ஊரையே செய்து காட்டியவனை அதுவரை யாரும் செய்து காட்டியதில்லை.

அவள் இரண்டு விரலைக் கண்ணருகே வைத்து இடமும் வலமும் ஆட்டினாள். அவனைத் தொட்டாள்.

"சிரிக்கிறாங்களான்னு பாக்குறவன்," என்றார் உஷா டீச்சர் மெதுவாக.

"நான் ஒண்ணும் அப்படிப் பாக்க மாட்டேன்!" என்றான். சொல்லிவிட்டு இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான்.

கூடத்தில் பெஞ்சுகள் அதிர்ந்தன.

அவன் காது வரை சிவந்துவிட்டது. "மீசைக்குப் பழி வாங்குறியா? வேற வை. வார்டன் நடைய வை. எல்லாருக்கும் அதுதான பிடிச்சுது?"

ரெபேக்கா சிரிக்கவில்லை.

"நடை வார்டனோடது. முள்ளு உங்க ஹெட்மாஸ்டரோடது. மீசை தாத்தாவோடது. வாரம் பூரா தேடினேன், உன்னோடதுன்னு இது ஒண்ணுதான் கிடைச்சுது."