நாச்சிமுத்துவின் சைலன்சர்

எங்கள் மடம் வெள்ளியங்காட்டுக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. குருவின் பெயர் சின்னச்சாமி. பெரியசாமி என்று இங்கே ஒருவர் இருந்ததே இல்லை. வந்தபோது வயசு குறைவு, அதனால் அப்படிக் கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. இப்போதும் நாற்பது ஆகவில்லை. நான் அங்கே சமையல். உபதேசமெல்லாம் என் மண்டையில் ஏறாது. ரசம் கொதிக்கிற நேரத்தில் காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை ஆனால் காரமடையிலிருந்து நாச்சிமுத்து வருவார். நூல் மில் முதலாளி. தலை நரைத்த பிறகு அவருக்கு ஆசை பிடித்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அதோடு விட்டாரா? வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து வேறொன்றை வரவழைத்து மாட்டினார். அடேயப்பா, அது என்ன சத்தம்! அவர் வெள்ளியங்காட்டைத் தாண்டும்போதே இன்னொரு ஆழாக்கு அரிசியை உலையில் போட்டுவிடுவேன்.

ஒரு வியாழன் காரைவிட்டு இறங்கி நேரே சாமி முன்னால் வந்து உட்கார்ந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"சாமி, ஊட்ல யாரும் என்ற கிட்டப் பேச மாட்டேங்கறாங்க."

"சண்டைங்களாண்ணா?"

"சண்டை போட்டாத் தேவலைங்களே! கேட்டா 'ம்'ங்கறாங்க. இல்லீன்னா 'சரிங்'கறாங்க. என்ற சம்சாரம் பேபியும் அப்புடித்தான், புள்ள தாரணியும் அப்புடித்தான். நான் உள்ளார கால் வெச்சா எழவு ஊடாட்ட இருக்குது. மாசியில புள்ளைக்குக் கல்யாணம். பெங்களூர் போயிருவா. அதுக்குள்ள என்ற கிட்ட அவ நாலு வார்த்தை சிரிச்சுப் பேசோணும். நான் என்ன பண்ணட்டுங்?"

சாமி வாசலில் நின்ற காரைப் பார்த்தார்.

"அந்த வண்டிச் சத்தத்தை நிறுத்துங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"நிறுத்திட்டு வந்து கேளுங்க."

எனக்கே பொறுக்கவில்லை. மனுசன் பெற்ற பெண்ணை நினைத்து அழாத குறையாக நிற்கிறார், இவர் புகைக்குழாயைப் பற்றிப் பேசுகிறாரே! அடுப்படியில் ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தேன். சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வியாழன் சத்தமே இல்லாமல் கார் வந்து வாசலில் நின்றது. எட்டிப் பார்த்தால், பின்னால் மில் வாட்ச்மேன்கள் இரண்டு பேர் நாக்குத் தள்ள நிற்கிறார்கள். கீழே ரோட்டிலேயே என்ஜினை நிறுத்திவிட்டு மேடு முழுக்கத் தள்ள வைத்திருக்கிறார் மகராசன்.

"சத்தம் கேட்டுதுங்களா சாமி?"

"கேட்டுதுங்ண்ணா. இவங்க மூச்சு கேட்டுது."

வாட்ச்மேன்களுக்கு ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பினேன்.

அதற்கடுத்த முறை எவனோ யோசனை சொல்லியிருக்கிறான். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் குழாய்க்குள் திணித்துக்கொண்டு வந்தார். வண்டி சளி பிடித்த எருமை மாதிரி செருமிக்கொண்டு வாசல்வரை வந்து, குழாய் என் அடுப்படியைப் பார்க்கத் திரும்பி நின்றது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெருமைக்கு ஒரு மிதி மிதித்தார். டமார்! கம்பி நார் பறந்து வந்து என் மோர்ப் பானைக்குள் விழுந்தது.

"அட கருமமே!" என்று நான் போட்ட கூச்சலுக்கு அந்தக் காரே தேவலை. சாமிக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் புள்ளையப் பத்திக் கேட்டா, நீங்க கொழாயப் புடிச்சுட்டுத் தொங்கறீங்களே! என்னையப் பாத்தா கேனையனாட்டத் தெரியுதுங்களா?"

"வண்டியோட வந்த சைலன்சர் எங்கீங்?"

அவர் குரல் இறங்கியது. "கொல்லையில வாழைக்கு முட்டுக் குடுத்திருக்குதுங்."

"அதை எடுத்து மாட்டுங்க."

பேபியம்மா அப்போதும் வாய் திறக்கவில்லையாம். வாழைக்கு ஒரு மூங்கிலை ஊன்றிவிட்டு, சைலன்சரைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தாராம்.

அடுத்த வியாழன் வருவதற்கு முன்பே ஒரு காலையில் நான் பால்காரரிடம் காரைத் தள்ளிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்த ஆளு உள்ள ராசாவாட்டம் உக்காந்திருக்கறாரு..." என்று ஆரம்பித்தால், பால்காரர் முகம் போன போக்கு சரியில்லை. திரும்பினேன். நாச்சிமுத்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. நேரே சாமியிடம் போய் உட்கார்ந்தார்.

"சாமி, நான் அந்த வெளிநாட்டுக் கொழாயவே மாட்டிக்கறனுங்க. எனக்கு இந்த அமைதி வேண்டாம்."

"ஏனுங்?"

"நேத்துச் சாயங்காலம் ஊட்டுக்குப் போனனுங்க. வண்டி வந்து நின்னது ஒருத்தருக்கும் தெரியல. உள்ளார ஒரே சிரிப்பு. பேபி சிரிக்கறா சாமி! கட்டிக்கிட்டு இத்தன வருசத்துல அவ அப்புடிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லீங்க. சன்னல்ல எட்டிப் பாத்தேன். தாரணி வயித்துல தலகாணியக் கட்டிக்கிட்டு, என்ற துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, நான் கார்ல இருந்து எறங்கறாப்ல நடிக்கறா. மொதல்ல ஒரு காலு வருது. அப்புறம் 'டேய், கதவப் புடிடா'ங்கறா. எறங்கி நின்னதும், தெருவுல யாரு பாக்கறாங்கன்னு ரெண்டு பக்கமும் பாக்கறா. அப்புறம் மீசையத் தடவறா."

"அப்புறம்?"

"கதவைத் தொறந்தேன். கரண்டு போனாப்ல எல்லாம் நின்னுபோச்சு. தலகாணி அவுந்து கீழ உழுந்துச்சு. 'காப்பி வேணுங்களாப்பா'ன்னா. இத்தன நாளும் தெருமுக்குல சத்தம் கேட்டதுமே மூஞ்சிய மாத்தி வெச்சுக்கிட்டாங்க போல. எனக்கு அது தெரியவே இல்லீங்களே சாமி! நான் மேல போய்ப் படுத்துக்கிட்டேன்."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாமி கேட்டார். "தாரணி பாப்பா நல்லாப் பண்ணுச்சுங்களா?"

"என்னதுங்க?"

"உங்களாட்ட நடிச்சுதில்லீங்களா, அது. நல்லா இருந்துச்சுங்களா?"

நாச்சிமுத்து முறைத்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார்.

"அச்சு அசலுங்க சாமி! அந்த மீசையத் தடவறது இருக்குதே... கழுதை, எப்பத்தான் பாத்து வெச்சாளோ! ஆனா ஒண்ணுங்க. எறங்கறப்ப நான் முட்டியில கைய ஊனி 'முருகா'ம்பேன். அதை மட்டும் உட்டுட்டா."

சாமி எழுந்துபோய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"அப்ப இங்க என்ன பண்றீங்கண்ணா? ஊட்டுக்குப் போயி அதைச் சொல்லிக் குடுங்க."