கட்டுப்படியாகும் தூண்டில்

"டீச்சர், எனக்குக் கட்டுப்படியாவுற மாதிரி ஒரு தூண்டில் ராடும் ரீலும் சொல்லுங்க" என்றார் திரவியம் அண்ணாச்சி.

மெர்சலின் தன் கயாக்கில், அந்த ஒற்றையாள் துடுப்புப் படகில், ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எது கட்டுப்படியாவும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே வாங்கிட்டு வாங்க. தண்ணியில வச்சுப் பாப்போம்."

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை. மெர்சலினுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் கழிமுகத்தில் அவள்தான் குரு, அவர்தான் சிஷ்யர். லீவு கிடைக்கும் செவ்வாய்க்கிழமைகளில் பஸ் ஏறி, தாமிரபரணி கடலில் கலக்கும் ஊருக்கு வந்து துடுப்புப் போடக் கற்றுக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பணிவை நான் பார்த்ததில்லை என்று அவர் மனைவி சொன்னதாகக் கேள்வி.

முகத்துவாரத்தில் கொடுவா வரத் தொடங்கியிருந்தது. ஆளையே இழுக்கும் மீன். கயாக்கில் உட்கார்ந்து அதில் ஒன்றையாவது பிடித்துவிட வேண்டும் என்று அண்ணாச்சிக்கு அப்படியோர் ஆசை. தூக்கத்தில்கூடக் கை ரீல் சுற்றியது. ஆனால் தூண்டில் சரியாக அமையாமல் முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போகமாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். இன்னும் சில வாரம் போனால் மீனும் இருக்காது.

அடுத்த செவ்வாய் ஒரு ராடோடு வந்தார். கறுப்பில் தங்கக் கோடு. ரீலைச் சுற்றினால் சத்தமே இல்லை.

"எதைப் பாத்து எடுத்தீய?"

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். தடவிப் பாத்தேன். அசல் சரக்கு டீச்சர்."

பட்டுச்சேலையை அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஆளுக்கொரு கயாக்கில் மார்பளவு தண்ணீருக்குப் போனார்கள். அவள் பக்கத்தில் வந்து, அவர் கயாக்கின் ஓரத்தைத் துடுப்பால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

கவிழ்ந்தது.

மிதவைச் சட்டையின் புண்ணியத்தில் அண்ணாச்சி மேலே வந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. ராடு தலைக்கு மேலே, இரண்டு கைகளிலும் பத்திரமாக இருந்தது.

"கயாக் எங்க அண்ணாச்சி?"

திரும்பிப் பார்த்தார். அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. துடுப்பு இன்னொரு பக்கம் போனது.

"இது உங்களுக்குக் கட்டுப்படியாவாது."

"முழுக் காசும் குடுத்துல்லா வாங்கியிருக்கேன்?"

"அதான்."

அந்த ராடை மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். நல்ல மருமகன், ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த முறை கொண்டுவந்தது திருவிழாக் கடையில் பலூனுக்குப் பக்கத்தில் தொங்குகிற ரகம்.

கவிழ்ந்தது. அண்ணாச்சி சட்டென்று கயாக்கைப் பிடித்துக்கொண்டு பெருமையாகப் பார்த்தார்.

மெர்சலின் தண்ணீரில் இறங்கிச் சேற்றில் காலால் துழாவி ராடை எடுத்தாள். ரீலைச் சுற்றினாள். மண் அரைபட்டது.

"இது முங்குனது தெரிஞ்சுதா?"

"போனா போவுது டீச்சர்."

"ராடையே விட்டா கொடுவாவும் போனா போவுதுன்னு போயிரும். இதுவும் கட்டுப்படியாவாது."

"இதைவிடக் கம்மியா எங்கயுமே கிடையாதே."

அவள் கயாக்கைக் கரைக்கு இழுத்தாள். பஸ்ஸில் அண்ணாச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. வெயிலில் கண் கூசுகிறது என்று பக்கத்து சீட்காரரிடம் சமாளித்தார்.

மறுநாள் கடையில் ஓர் அம்மாள். அண்ணாச்சி இருப்பதிலேயே உசத்தியான சேலையை விரித்தார்.

"இது வேண்டாம். கறை பட்டுருமோன்னு பந்தியில உக்காரக்கூட முடியாது."

மலிவானதை விரித்தார்.

"இதைக் கட்டிட்டு வெளிய போக மனசு வராது" என்றாள் அந்த அம்மாள். "பீரோல வைக்கதுக்குக் கேக்கல அண்ணாச்சி. கட்டுததுக்கு ஒண்ணு காட்டுங்க."

அண்ணாச்சி விரித்த சேலையை மடிக்காமல் நின்றார். பிறகு சத்தமாகச் சிரித்தார். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்தச் செவ்வாய் கொண்டுவந்தது சாதாரண ராடு. நிறம் கண்ணைப் பறிக்கவில்லை. ரீலும் அதற்கேற்றதுதான்.

"எதைப் பாத்து எடுத்தீய?"

"தூண்டில் கடையில தரையில உக்காந்து வீசிப் பாத்தேன். கயாக்குல உக்காந்துதான வீசணும்? உப்புத்தண்ணி பட்டா கழுவி வச்சுக்கிடலாமான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

ராடின் கைப்பிடியிலிருந்து ஒரு பச்சைக் கயிறு கயாக்கின் வளையத்துக்குப் போனது. சேலைப் பொதி கட்டுகிற நைலான் கயிறு. முடிச்சும் பொதிக்குப் போடுகிற முடிச்சு.

மெர்சலின் அதை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரம் பலமாக இழுத்தாள். அசையவில்லை.

அவள் கயாக்கைக் கவிழ்க்கவில்லை. முகத்துவாரத்தைப் பார்த்துத் துடுப்புப் போட்டாள்.

அண்ணாச்சி பின்னாலேயே போனார். வீசினார். சுற்றினார். மறுபடி வீசினார்.

கொடுவா கவ்வியது.

ராடு வளைந்தது. நூல் கிறீச்சிட்டு ஓடியது. கயாக் தானாகவே நகர்ந்தது. அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையில் நல்ல சரக்கு வந்தால் எதிரே இருப்பவர் பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டியே பழகிய மனிதர்.

"டீச்சர், இங்க பாருங்க" என்று திரும்பித் தூக்கிக் காட்டினார்.

கவிழ்ந்தது. இந்த முறை யாரும் அழுத்தவில்லை.

மேலே வந்தபோது அவருடைய இரண்டு கைகளும் கயாக்கைப் பிடித்திருந்தன. பச்சைக் கயிறு விறைத்து நின்றது. கயிற்றின் முனையில் ராடு, ராடுக்கு அப்பால் மீன். கவிழ்ந்த கயாக்கையும் அதில் தொங்கிய அண்ணாச்சியையும் அது மெல்ல இழுத்துக்கொண்டு போனது.

உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டு அவர் கத்தினார்.

"டீச்சர், இது கட்டுப்படியாவுமா?"

மெர்சலின் துடுப்பை மடியில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்கிட்ட ஏன் கேக்குதீய? இழுத்துட்டுப் போறவன்ட்ட கேளுங்க."