பதினெட்டு பதில்

அன்று படகில் ஐந்து பேர் இருந்தோம். சலேத் டீச்சர், வயது நாற்பத்தொன்று. தண்ணீருக்கடியில் வெளிச்சத்தால் பேசும் வித்தையைக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் படிக்க வந்த நயினார் அண்ணாச்சி, வயது அறுபத்து மூன்று. கப்பல்களில் முப்பத்தொரு வருடம் ரேடியோ ஆபீசராக இருந்தவர். கடலுக்குள் இறங்கும் கித்தேரியான். அவர் தம்பி மிக்கேல். அண்ணனுக்கு ஆபத்து என்றால் குதிக்க வேண்டியவர். ஐந்தாவது ஆள் நான். நேரத்தையும் எண்ணையும் எழுதுவது என் வேலை.

பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய தோணி மூழ்கிக் கிடந்தது. அதைத் தூக்குவதற்கு முன்னால் உள்ளே போய், அடிப்பலகை எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி அனுப்ப முடியாது, பலகைகளில் சிக்கிக்கொள்ளும். அதனால் விளக்கு.

படகுக்குக் கீழே ஒரு நீல விளக்கை, தோணியின் வாசலைப் பார்க்கத் தொங்கவிட்டோம். விளக்கை ஒட்டியே, பதிலை வாங்க ஒரு சின்னக் கண்ணாடிக் கண். கித்தேரியான் மார்பிலும் அதே மாதிரி விளக்கும் கண்ணும் வைத்த ஒரு பெட்டி. விளக்கு நமக்கு விடாமல் எரிவது போலத்தான் தெரியும். ஆனால் நொடிக்குப் பல லட்சம் தடவை மின்னும். அந்த மின்னலில் செய்தி போகும். கித்தேரியான் பொத்தானை அமுக்கினால், அவர் சிலிண்டரில் இருக்கும் காற்றின் அளவு மேலே திரையில் வந்துவிடும்.

நிமிடத்துக்கு ஒரு கேள்வி, காற்று எவ்வளவு என்று அண்ணாச்சி கேட்பார். தொடர்ந்து மூன்று கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மிக்கேல் குதிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

காலை எட்டு பத்துக்கு இறங்கினார். காற்று இருநூறு, சிலிண்டர் நிறைய.

பதினான்கு கேள்விக்குப் பதினான்கு பதில் வந்தது. எந்தக் கேப்டனும் தனக்கு இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை என்றார் அண்ணாச்சி. வீட்டில் அண்ணன் ஒரு நாள் முழுக்கப் பேசுவதே இவ்வளவு இருக்காது, மதினிக்கும் இப்படி ஒரு விளக்கு வாங்கிக் கொடுக்கவேண்டும் என்றார் மிக்கேல்.

பதினைந்தாவது கேள்விக்குப் பதில் இல்லை. கீழே சேறு கலங்கி மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டும் திருகை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்பினார். பதினாறாவது கேள்வி. நாலுக்குத் திருப்பினார். பதினேழு. ஐந்துக்குத் திருப்பினார். அதற்கு மேல் திருகில் எண் இல்லை. படகைச் சுற்றித் தண்ணீர் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. திரை அப்படியே இருந்தது.

மிக்கேல் சிலிண்டரை மாட்டிக்கொண்டு படகின் விளிம்புக்கு வந்துவிட்டார். அவர் உள்ளே போனால் சேறு இன்னும் கலங்கும், அண்ணன் வாசலைத் தவறவிட்டுவிடுவார். போகாமலும் இருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும்.

“ஏன் டீச்சர் பதில் வரல?”

“வருது அண்ணாச்சி.”

“எங்க வருது?”

டீச்சர் பத்து எண்ணும்வரை பொறுக்கும்படி மிக்கேலிடம் சொன்னார். பிறகு கையை நீட்டி விளக்கை அணைத்தார்.

அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துவிட்டார். உள்ளே இருக்கிறவனுக்கு அந்த வெளிச்சம் ஒன்றுதான் அடையாளம், அதையும் எடுத்துவிட்டால் எப்படி என்றார். பதில் வராவிட்டால் பலத்தைக் கூட்ட வேண்டும், தான் படித்தது அதுதான் என்றார். டீச்சர் கையை எடுக்கவில்லை.

நான் எண்ணினேன். ஏழு எண்ணும்போது திரையில் எண் வந்தது. காற்று தொண்ணூற்றொன்று.

மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கலங்கிய தண்ணீரில் எங்கள் விளக்கின் வெளிச்சம் சேற்றில் பட்டு, எங்கள் கண்ணாடிக் கண்ணிலேயே திரும்பி விழுந்திருக்கிறது. கூட்டக் கூட்ட அதிகமாக விழுந்து, கித்தேரியானின் பதில் வெளிச்சம் அதில் மறைந்துபோயிருக்கிறது. அதற்குப் பிறகு டீச்சர் விளக்கை ஐந்து நொடி எரியவிட்டார், ஐந்து நொடி அணைத்தார். அணைத்த ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

எட்டு முப்பத்திரண்டுக்குக் கித்தேரியான் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தம்பி தூக்கிவிட்டார். முகமூடியைக் கழற்றியதும் அவர் முதலில் திரும்பியது அண்ணாச்சி பக்கம்.

“என் கையே எனக்குத் தெரியல அண்ணாச்சி. உங்க வெளிச்சம் இருந்த பக்கமா நகர்ந்துதான் வாசலுக்கு வந்தேன். நல்லா இருப்பீங்க.”

அண்ணாச்சி, இடையில் ஏன் பதில் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார். சொல்லிக்கொண்டேதான் இருந்தேன் என்றார் கித்தேரியான். தம்பி அவசரப்பட்டுக் குதித்துவிடுவானோ என்று பயந்து, அமுக்கிக்கொண்டே இருந்தாராம்.

மார்புப் பெட்டியைத் திறந்து, அதில் பதிவானதைப் பார்த்தோம். பதினைந்தாவது கேள்வியிலிருந்து விளக்கை அணைத்த நேரம் வரை, பதில் அனுப்பியது பதினெட்டு தடவை. இரண்டு முறை எண்ணினேன். பதினெட்டுதான்.

அண்ணாச்சி தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

“அந்தப் பதினெட்டும் எங்க போச்சு டீச்சர்?”

“எங்கயும் போகல அண்ணாச்சி. எல்லாம் நம்ம படகு வரைக்கும் வந்துச்சு. நாமதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம்.”

அண்ணாச்சி கித்தேரியானின் ஈரக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கரை வரும்வரை விடவில்லை.

நான் சிலிண்டரின் முள்ளைப் பார்த்து எழுதினேன். மிச்சக் காற்று அறுபத்திரண்டு.