முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டிய கதை

கோழியும் குருவியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடற்கரை ஊர் ஒன்றில் சூசை என்பவர் ரொட்டி சுட்டு விற்றுவந்தார். அவர் மனைவி அன்னபாக்கியம். வீட்டில் ஒரு சேவல், ஒரு கோழி. சேவலின் பெயர் கொண்டையன், கோழியின் பெயர் செவலை.

அப்போதெல்லாம் கோழிகள் சத்தமே இல்லாமல்தான் முட்டையிடும். செவலையும் வைக்கோலில் முட்டையிட்டுவிட்டு, பசி தாங்காமல் இரை தேடப் போய்விடுவாள். அவள் தலை மறைந்ததும் கொண்டையன் வந்து முட்டைக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான்.

"இது யாரு போட்டது?" என்று அன்னபாக்கியம் கேட்டாள்.

"வேற யாரு? நான்தான்," என்றான் கூசாமல்.

அவளும் நம்பிவிட்டாள். முட்டையை வெங்காயமும் மிளகும் சேர்த்து அடித்துத் தோசைக்கல்லில் ஊற்றுவாள். அது இறுகுமுன் இரண்டு துண்டு ரொட்டியை மேலே வைத்துப் புரட்டி, நெய் விட்டு முறுகவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துக் கொடுப்பாள். அதைத் தின்றுவிட்டுத்தான் சூசை வேலையைத் தொடங்குவார். ரொட்டியின் முறுகிய ஓரமெல்லாம் கொண்டையனுக்கு. செவலை கிட்டே வந்து வாயைத் திறக்குமுன் விளக்குமாறு பறக்கும்.

"ஒண்ணுக்கும் ஆகாத சென்மம்! திங்க மட்டும் வந்துருது!"

செவலைக்கு வயிறு எரிந்தது. கொண்டையனிடம் போய், "உண்மைய நீயே சொல்லிரு," என்றாள்.

"யாரு போட்டா என்ன? ஒரே வீட்டுலதான இருக்கோம்," என்றான் அவன், ஓரத்தைக் கொத்தியபடியே.

ஒரு நாள் காலை சூசையின் தம்பி வந்திருந்தான். "அண்ணி, இந்தக் கோழி எதுக்குச் சும்மா நிக்கி? குழம்பு வைக்கலாம்லா?" என்றான்.

சரிதான் என்று பட்டது அன்னபாக்கியத்துக்கு. ரொட்டி நறுக்கிய கத்தியோடு முற்றத்தில் இறங்கினாள். கொண்டையன் அங்கேதான் நின்றான். அவன் வாயைத் திறந்தால் ஓர் உயிர் பிழைக்கும். அவனோ கழுத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்தான்.

சாவைக்கூடப் பொறுத்திருப்பாள் செவலை. அவன் கழுத்தைத் திருப்பிக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீட்டிய கைக்கு அடியில் புகுந்து அடுக்களைக்குள் ஓடினாள். மாவு பிசையும் பலகைமேல் தாவி, இறகெல்லாம் சிலிர்க்க, அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் முக்கி முட்டையிட்டாள். அது மாவில் உருண்டு சூசையின் தட்டில் முட்டி நின்றது.

"பாத்தீங்களா! நல்லாப் பாத்துக்கிடுங்க! போட்டது நான்! இதுவரைக்கும் நீங்க தின்ன அத்தனையும் போட்டது நான்! நான், நான், நான்! எங்க, இவனை ஒண்ணு போடச் சொல்லுங்க பாப்போம்!"

தெருவே திரண்டு வாசலில் நின்றது. சூசையின் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கொண்டையன் அம்மிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

அன்னபாக்கியத்தின் கத்தி கீழே விழுந்தது. "தெரியாமப் போச்சு, தாயீ," என்று நெய்யில் முறுகிய ரொட்டியை முழுசாகவே நீட்டினாள்.

செவலை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ரொட்டி கிடக்கட்டும்க்கா. நாளைக்கும் அவன் வந்து நிப்பான். நீங்களும் நம்புவீங்க. இனிமே என் முட்டைக்கு நானே சாட்சி."

அன்றைக்கு ஆரம்பித்த கூப்பாடுதான் இது. மனிதரோடு பேசிய பேச்சு கோழிகளுக்கு மறந்துபோயிற்று. ஆனாலும் முட்டையிட்ட மறுகணமே ஊரைக் கூட்டாத கோழி கிடையாது. அந்தச் சத்தம் கேட்டதும் எங்கிருந்தோ ஓடிவந்து தானும் சேர்ந்து கத்துகிறதே சேவல், அதற்கு இன்றுவரை வெட்கம் வரவில்லை.