வேலங்குளத்துக்கு வந்த வாத்துகள்

வேலங்குளத்தில் நாரைகள் குஞ்சு பொரித்திருந்த சமயம். பனிமலை தாண்டி ஒரு வாத்துக் கூட்டம் அங்கே வந்து இறங்கியது. இறங்கியதிலிருந்து ஒரே கத்தல். கரையில் புல் மேயும்போதுகூட அவற்றுக்கு வாய் ஓயவில்லை.

மஞ்சமூக்கி என்ற தாய் நாரைக்குத் தலைவலியே வந்துவிட்டது. மீன் பிடிக்க வேண்டுமானால் நாரை சத்தம் காட்டாமல் நிற்க வேண்டும். இந்த இரைச்சலில் எந்த மீன் பக்கத்தில் வரும்? கூட்டில் குஞ்சுகள் பசியில் துவண்டு கிடந்தன.

"நாகரிகம் தெரியாத ஜென்மங்கள். கொத்தி விரட்டுவோம், வாங்க" என்றது நீர்க்காகம் கரியன்.

நாரைகளுக்கு அடிதடி பிடிக்காது. "நாம கப்சிப்னு நின்னு காட்டுவோம். பார்த்து வெட்கப்படட்டும்" என்று சொல்லி, எல்லாம் வரிசையாக அசையாமல் நின்றன.

வாத்துகளாவது வெட்கப்படுவதாவது! முன்னைவிட இரண்டு மடங்கு கத்தின.

"கொழுப்பைப் பாருங்க" என்று கரியன் தூபம் போட்டது. நாரைகளும் கொதித்துப்போய், மறுநாள் சண்டைதான் என்று முடிவு செய்தன.

மஞ்சமூக்கி கூட்டில் கிடந்த குஞ்சுகளைப் பார்த்தது. சண்டையில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குஞ்சுகளின் கதி என்ன? அன்று சாயங்காலமே அது வாத்துத் தலைவன் வரியனிடம் நேரே போய் நின்றது.

"அண்ணே, ஏன் இப்படிக் கத்துறீங்க? எங்க பிள்ளைங்க பட்டினி கிடக்குது."

வரியன் திகைத்தது. "கத்தலையே அம்மா. மேயும்போது நாங்க பேசிக்கிட்டே இருப்போம். பேச்சு நின்னா நரி வந்திருக்குன்னு அர்த்தம். நீங்க அத்தனை பேரும் மூச்சுக் காட்டாம நின்னீங்களே, எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. அதான் பிள்ளைகளைக் கூப்பாடு போட்டுக் கூட்டினோம். வந்தவங்களை 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்காத இது என்ன நாகரிகம்னு எங்களுக்கும் வருத்தம்தான்."

மஞ்சமூக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சத்தம் போட்டா மீன் ஓடிடும் அண்ணே, அதான் நாங்க வாயே திறக்கிறதில்லை. அவ்வளவுதான்."

இரண்டும் உட்கார்ந்து பேசி, ஆளுக்கொரு கரை என்று முடிவு செய்தன. மஞ்சமூக்கி போய் மற்ற நாரைகளுக்கும் விஷயத்தைச் சொன்னது. மறுநாள் வாத்துகள் கிழக்குக் கரைக்குப் போய், ஆசைதீரப் பேசிக்கொண்டே மேய்ந்தன. சத்தத்துக்கு மிரண்ட மீன்களெல்லாம் மேற்கே ஓடின. அங்கே நாரைகள் அமைதியாகக் காத்து நின்றன. கரியன்கூட நாலு மீனை விழுங்கிவிட்டு, சண்டைப் பேச்சையே எடுக்கவில்லை. மஞ்சமூக்கியின் குஞ்சுகள் தொண்டை வரை தின்றுவிட்டுத் தூங்கின.

அடுத்தவர் பழக்கம் நமக்கு விளங்கவில்லை என்றால், அவரை நாகரிகமில்லாதவர் என்று சொல்வதற்கு முன், அதன் காரணத்தை அவரிடமே கேட்க வேண்டும்.